வஜ்ரவீரனுக்கு ஏசம்மாள் தைத்த உடுப்பு

ஏசம்மாள் ஆண்களுக்கும் தைப்பார். ஆனால் எந்த ஆணையும் தொட்டு அளந்ததில்லை. ராஜபாளையத்தில் 1929ஆம் வருஷம் அவர் கால் மிஷின் போட்ட நாளிலிருந்து அதுதான் சட்டம். சட்டை வேண்டுமென்றால் அந்த வீட்டுப் பெண்பிள்ளை ஒரு கயிறு கொண்டுவர வேண்டும். எல்லா அளவும் கயிற்றின் ஒரே நுனியிலிருந்து தொடங்கும். கழுத்துக்கு ஒரு முடிச்சு, கை நீளத்துக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று. யாருடைய கயிறு என்று தெரிய நுனியில் ஒரு துணிக்கிழிசல் கட்டியிருக்கும். தைத்து முடித்ததும் கயிறு மிஷினுக்குப் பின்னால் இருந்த ஆணிக்குப் போகும். ஊர் ஆம்பிளைகளில் பாதிப்பேர் அந்த ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள். எவனுக்குத் தொப்பை போட்டது, எவன் இளைத்துப்போனான் என்பது பெண்டாட்டிக்கு அடுத்தபடி ஏசம்மாளுக்குத்தான் தெரியும். அவர் யாரிடமும் சொன்னதில்லை.

புருஷன் ஜெபதுரை கலியாணமான இரண்டாம் வருஷமே காலராவில் போய்விட்டார். பிறகு ஆறு வருஷம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தையல் வேலை. போர்வை, நோயாளிக்கான அங்கி, அறுவை செய்தவர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை. அங்கிருந்து வந்துதான் எங்கள் தெருவில் மிஷின் போட்டார். வாயில் எப்போதும் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டிருப்பார். பேச்சு ஒரு கடைவாய் வழியாக நசுங்கி வரும். உதட்டை இறுக்கிக்கொண்டு அவரைப் போலப் பேசிக்காட்டிச் சிரிக்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. ஒன்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்: ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவர் பேசினால், சிரிப்பை நிறுத்திவிட வேண்டும்.

1938ஆம் வருஷம் ஆனி மாசம், ஜவுளிக்கடை சுப்புராஜ் ஒரு துணி மூட்டையோடும் சுருட்டிய காகிதத்தோடும் வந்தார். ஆள் கதவளவு இருப்பார். குரல் மட்டும் ஊதல் போல மெல்லியது. காகிதத்தை விரித்தார். மதுரையில் ஓடிய ஏதோ சண்டைப் படத்தின் நோட்டீஸ். அதில் ஒருவன் முகமூடி போட்டு, தோளிலிருந்து துணி பறக்க, இடுப்பில் கை வைத்து நின்றான். சமுத்திரத்துக்கு இது மாதிரி வேண்டும் என்றார்.

சமுத்திரம் தளவாய்புரத்துக்காரர். பஞ்சு அரைக்கும் ஆலையில் பேல் என்கிற பஞ்சுப்பொதி சுமப்பவர். மற்றவர்கள் நாலு பேர் சேர்ந்து உருட்டும் பேலை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றுவார். சேத்தூர்ப் பாதையில் சேற்றில் புதைந்த சுப்புராஜின் பாரவண்டியை அவர் அச்சோடு தூக்கிவிட்டதிலிருந்து அவருடைய தலைவிதி மாறிப்போனது. சுப்புராஜ் அவருக்கு வஜ்ரவீரன் என்று பெயர் வைத்தார். அந்தத் தைப்பொங்கலுக்கு ராஜபாளையம் பொட்டலில் சமுத்திரம் சங்கிலியை அறுத்துக்காட்டினார். ஓடத்தொடங்கிய மோட்டார் காரைக் கயிற்றால் நிறுத்திக்காட்டினார். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுநாள், இரண்டு கார். ஆளுக்கு இரண்டு பக்கமும் கயிறு. ஒன்று கிழக்கே இழுக்கும், ஒன்று மேற்கே இழுக்கும். நடுவில் வஜ்ரவீரன் நிற்பார்.

அதற்கு ஏற்ற உடுப்பு வேண்டும். கழுத்திலிருந்து கணுக்கால் வரை சிவப்பு சாட்டின், உடம்போடு ஒட்டி. மார்பில் ஜரிகையில் மின்னல். கணுக்கால் வரை தோளில் பறக்கும் துணி. இடுப்பு ஒடுங்கித் தெரிய ஒரு விரல் அகலத்தில் தங்க பெல்ட்டு. முகமூடி எதற்கு என்று ஏசம்மாள் கேட்டார். யாரென்று சனத்துக்குத் தெரியக்கூடாதாம். அந்தத் தோளைத் தெரியாத ஆள் ராஜபாளையத்தில் பிறக்கவில்லை என்று சொல்லலாம் என நினைத்து, ஊசியைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டார்.

சாட்டினைக் கையில் இழுத்துப் பார்த்தார். அது இழுபடவில்லை.

"மொதலாளி, இதைப் போட்டுட்டு அவிய குனியணுமா வேண்டாமா?"

"வீரன் குனிய மாட்டான்மா."

"மூத்திரம் வந்தா?"

சுப்புராஜ் கொஞ்ச நேரம் நோட்டீஸில் நின்றவனையே பார்த்தார். அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை. "ஏம்மா," என்றார் கடைசியில், "நீ வீரனுக்குத் தைக்கிறியா, கைப்பிள்ளைக்குத் தைக்கிறியா?"

வாக்குவாதம் ஒரு வாரம் நடந்தது. சாட்டின் போட்டால் முதல் இழுப்பிலேயே தொடையில் பிளக்கும் என்று ஏசம்மாள் ஒரு துண்டைத் தைத்துக் கிழித்தே காட்டினார். அதனால் காலுக்கும் கைக்கும் சிவப்புச் சாயம் தோய்த்த பனியன் துணி. மார்புக்கு மட்டும் சாட்டின். தோள்துணி காரின் கயிற்றில் சிக்கினால் கழுத்தை இழுத்துவிடும், வேண்டாம் என்றார். துணி பறக்காவிட்டால் வீரன் என்று யார் சொல்வார்கள் என்றார் சுப்புராஜ். தோளில் இரண்டு டிச் பட்டன் வைத்து, இழுத்தால் தனியாகக் கழன்று வரும்படி தைப்பதாக முடிவானது. அழகு அவருடையது, பட்டன் இவருடையது.

அளவுக்கயிற்றைச் சமுத்திரத்தின் மனைவி சீனியம்மாள் கொண்டுவந்தாள். தைத்ததை வாங்கிப்போய் நாலாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தாள். காலையில் போட்டால் சரியாக இருக்கிறதாம். ஆலைக்குப் போய்விட்டு வந்து போட்டால் அடிவயிற்றுக்குக் கீழே, வலது பக்கம், பிடிக்கிறதாம்.

ஏசம்மாள் கயிற்றை எடுத்து உடுப்போடு வைத்துப் பார்த்தார். நூல் பிசகவில்லை. எப்போது அளந்தாய் என்று கேட்டார். படுத்திருக்கும்போது என்றாள் சீனியம்மாள். நின்றால் அவர் கயிற்றைக் கிட்டவே விடுவதில்லை, தட்டிவிடுகிறார்.

ஏசம்மாள் வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மிஷின் பலகையில் வைத்தார்.

"இன்னைக்கு வேலை விட்டு வந்ததும் நிக்க வச்சு அளந்துட்டு வா. அளக்கையில இருமச் சொல்லு."

"எதுக்குக்கா இருமணும்?"

"அளந்துட்டு வா, சொல்லுதேன்."

மறுநாள் சீனியம்மாள் கொண்டுவந்த கயிற்றில் அடிவயிற்று அளவுக்கு இரண்டு முடிச்சு இருந்தது. ஒன்று படுத்தபோது போட்டது. மற்றது நின்று இருமியபோது போட்டது. நடுவில் இரண்டு விரல் இடைவெளி. ஏசம்மாள் அந்த இடைவெளியைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். சீனியம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு ஒரு வருஷமாகவே தெரியுமாம். குடல் இறங்கியிருக்கிறது. சாயங்காலம் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்து நிற்கும். கையால் அமுக்கி உள்ளே தள்ளிவிட்டு மறுநாள் பேல் தூக்கப் போய்விடுவார்.

ஏசம்மாள் ஆஸ்பத்திரியில் பார்த்ததைச் சொன்னார். படுத்தால் உள்ளே போகிறவரை பயமில்லை. பெரிய பாரம் இழுக்கும்போது மொத்தமாக வெளியே வந்து அந்த வழியிலேயே இறுகிக்கொண்டால், உள்ளே போகாது. ரத்த ஓட்டம் நின்று குடல் கறுத்துவிடும். அப்படி வந்த இரண்டு பேருக்கு அவர் பட்டை தைக்கவில்லை, கோடித்துணிதான் தைத்தார். டாக்டரிடம் போனால் அறுத்துத் தைத்துவிடுவார்கள், மூன்று மாசத்தில் எழுந்து நடக்கலாம் என்றார்.

அன்று சாயங்காலம் சமுத்திரமே வந்தார். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நின்றார். முதலில் ஆணியைப் பார்த்தார்.

"கயிறு சொல்லிருச்சாக்கும்," என்றார்.

ஏசம்மாள் கார் இழுப்பை விட்டுவிடச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குத் தானே கூட வருவதாகவும் சொன்னார். கத்தி வைத்தால் பலம் போய்விடும் என்று ஆலையில் எல்லோரும் சொல்கிறார்கள் என்றார் சமுத்திரம். பலம் போகாது என்றார் இவர். அவர் கேட்டுக்கொண்டார், நகரவில்லை. கடைசியில், மடித்து வைத்திருந்த சிவப்பு உடுப்பைக் காட்டிச் சொன்னார்:

"ஆலையில நான் 'ஏலே' அக்கா. மேஸ்திரிக்கு ஏலே, கணக்குப்பிள்ளைக்கு ஏலே, அவரு மகனுக்கும் ஏலே. இதைப் போட்டுட்டு நின்னா ஒருத்தன் வாயில ஏலே வராது. பொங்கலுக்குப் பாத்தேன். ஒரே ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூர்ல நின்னுட்டு வந்துருதேன். பொறவு கத்தி வைக்கட்டும்."

"இல்ல, முன்னாடியே வைக்கட்டும்."

"நீங்க தைக்காட்டியும் போவேன் அக்கா. அந்த ஒரு விரல் பெல்ட்டோட போவேன்."

இந்த இடத்தில்தான் தான் தவறிவிட்டதாக ஏசம்மாள் பின்னால் பல தடவை சொல்லியிருக்கிறார். காட்சி முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சமுத்திரத்திடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, தைக்கச் சம்மதித்தார்.

ஆலையில் இயந்திரத்தைச் சுற்றும் கான்வாஸ் வாரில் அறுந்துபோன துண்டு ஒன்றைச் சமுத்திரம் கொண்டுவந்து கொடுத்தார். ஏசம்மாள் அதை எட்டு விரல் அகலத்துக்கு வெட்டினார். உள்பக்கம், வலது அடிவயிற்றுக்கு நேராக, வேப்பமரத்தில் உள்ளங்கையளவு வில்லை செதுக்கிப் பஞ்சு சுற்றிப் பதித்தார். அது மேலே ஏறிவிடாமல் இருக்க, தொடை நடுவே ஒரு வார். முதுகில் ஆறு இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கோத்து இறுக்கிக் கட்ட வேண்டும். பலம் சரி, பார்வைக்கு வண்டிமாட்டுச் சேணம் போல இருந்தது. தொடை வார் பனியன் துணிமேல் பளிச்சென்று தெரிந்தது. அதை மறைக்க, கறுப்பு வெல்வெட்டில் ஒரு குட்டை நிஜார் தைத்து, கால்சட்டைக்கு மேலே போடும்படி வைத்தார்.

சுப்புராஜ் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள போடுறதை வெளிய போட்டிருக்கியேம்மா. சனம் சிரிக்கும்மா."

"உள்ள போட்டா கிழியும் மொதலாளி. வெளிய போட்டா தாங்கும்."

"இந்த பெல்ட்டைப் பாரு. தவிலைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கு. இடுப்பு எங்கம்மா?"

"இடுப்பு உள்ள இருக்கு."

அவரிடம் குடலிறக்கத்தைச் சொல்லக்கூடாது என்று சமுத்திரம் கெஞ்சியிருந்தார். ஆகவே ஏசம்மாள் காரணம் சொல்லாமல் அழகைக் கொடுத்தார். கான்வாஸ் முழுக்கத் தங்க ஜரிகை ஒட்டித் தைத்தார். நடுவில் கண்ணாடிச் சில்லு. நிஜார் விளிம்பில் மஞ்சள் கரை. சிவப்புக்கு மேல் கறுப்பு, கறுப்புக்கு மேல் தங்கம். சுப்புராஜ் அதைத் தள்ளிவைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து, நிஜாரை வெளியே போடவேண்டும் என்ற யோசனை தமக்குத்தான் தோன்றியது என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்றை மட்டும் ஏசம்மாள் அவரிடமும் சமுத்திரத்திடமும் சீனியம்மாளிடமும் தனித்தனியாக, ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னார். இந்த பெல்ட்டைப் படுத்துக்கொண்டுதான் கட்ட வேண்டும். மல்லாக்கப் படுத்து, செத்த நேரம் பொறுத்து, எல்லாம் உள்ளே அடங்கிய பிறகு வில்லையை வைத்து இறுக்கி, அப்புறம்தான் எழ வேண்டும். சமுத்திரத்துக்கு மட்டும் மீதியையும் சொன்னார்: நின்றுகொண்டு கட்டினால், வெளியே வந்த குடலை வில்லை வெளியிலேயே வைத்து நசுக்கும், அதைவிட பெல்ட்டே இல்லாமல் போவது மேல். சுப்புராஜிடம், படுத்துக் கட்டினால்தான் மடிப்பு விழாது என்றார். அவர் தலையாட்டினார்.

உடுத்தும் கொட்டகைக்குள் பெண்கள் போகக்கூடாது. கட்டிவிடப் போவது சுப்புராஜ்தான்.

தேர் நிலைக்கு வந்த மறுநாள், சாயங்காலம் நாலு மணி. பொட்டலில் மகாராஜபுரத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்த கூட்டம். ஏசம்மாளும் சீனியம்மாளும் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஏசம்மாளின் இடுப்பில் எப்போதும் போலக் கத்தரிக்கோல் தொங்கியது. வெளியூர் போனாலும் அதை அவிழ்த்து வைக்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

கொட்டகைக்குள் நடந்ததைப் பின்னால் சுப்புராஜே சொன்னார். சமுத்திரம் பாயை விரித்து மல்லாக்கப் படுத்து, கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். மேலே சிவப்புத் துணி. தலைமாட்டில், நல்ல காரியத்துக்கென்று சுப்புராஜ் ஏற்றி வைத்திருந்த விளக்கு. சுப்புராஜ் பெல்ட்டோடு குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். போன மார்கழியில்தான் தம் தகப்பனாரை இப்படிப் படுக்க வைத்து, விளக்கு ஏற்றி, தம் கையாலேயே கோடி உடுத்தியிருந்தார்.

"எந்திரி," என்றார். "உசுரோட இருக்கிறவனைப் படுக்கப்போட்டு உடுத்தக்கூடாது."

அக்கா சொல்லியிருக்காவ என்றார் சமுத்திரம்.

"அவ துணி மடிப்புக்குச் சொன்னாப்பா. மடிப்பு விழுந்தா விழட்டும். பொணத்துக்குத்தான் இப்படி உடுத்துவாங்க. எந்திரி, ராகுகாலம் வந்துரும்."

சமுத்திரம் அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றைக்குக் கார் ஓடாது. விளக்கையும் பாயையும் அவரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். எழுந்து நின்றார். சுப்புராஜ் முதுகில் முழங்காலை ஊன்றி, தம் பலமெல்லாம் சேர்த்து, ஆறு இடத்திலும் கயிற்றை இறுக்கிக் கட்டினார். அன்பாகத்தான் கட்டினார்.

வஜ்ரவீரன் வெளியே வந்தபோது பொட்டல் எழுந்து நின்றது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு உடுப்பை அந்த ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மேல்காற்றில் தோள்துணி விரிந்து பறந்தது. தங்க பெல்ட்டு வெயிலில் எரிந்தது. ஆலை மேஸ்திரி முன்வரிசையில் இருந்தார். அவர் தம்மை அறியாமல் கும்பிட்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சீனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏசம்மாள் துணியைப் பார்க்கவில்லை, தையலைப் பார்த்தார். பெல்ட்டின் கீழ்விளிம்பு வலது பக்கம் ஒரு விரல் தூக்கிக்கொண்டு நின்றது. வலது கால் குறையாக எட்டு வைத்தது. முகமூடிக்குக் கீழே தாடையிலிருந்து வேர்வை சொட்டியது. இன்னும் ஒரு கயிற்றைக்கூட அவர் தொட்டிருக்கவில்லை.

எழுந்து, வேலிக்கயிற்றுப் பக்கம் நின்ற சுப்புராஜிடம் போனார். படுக்க வைத்துக் கட்டினீர்களா என்று கேட்டார். நேரமாகிவிட்டது, நிற்க வைத்தே கட்டிவிட்டேன், எவ்வளவு அம்சமாக நிற்கிறது பார் என்றார் அவர். ஏசம்மாள் எல்லாவற்றையும் சொன்னார். குடல், வில்லை, கறுத்துப்போவது. பொட்டலின் இரைச்சலில் அவருக்குப் பாதிதான் கேட்டது. கேட்ட பாதியே முகத்தை வெளுக்க வைத்தது. ஆனால் வாய் பழக்கத்தில், "ரெண்டே நிமிசம்மா, முடிஞ்சிரும்," என்றது.

இரண்டு காரையும் கிளப்பிவிட்டார்கள். சமுத்திரம் இரண்டு கையிலும் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஏசம்மாள் வேலிக்கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார். வெள்ளைச்சேலை கட்டிய குள்ளமான பெண்பிள்ளை கத்தரிக்கோலோடு வீரனிடம் நடந்து போவதைப் பார்த்துக் கூட்டம், இதுவும் காட்சியில் சேர்த்திதான் என்று நினைத்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன், வீரனுக்குப் பொத்தான் அறுந்துபோச்சு என்று கத்தினான். பொட்டல் முழுக்கச் சிரித்தது.

அவர் சமுத்திரத்தின் முதுகுப் பக்கம் போய் நின்றார்.

"சமுத்திரம், கயித்தை விட்டுட்டுப் படு."

"போயிருங்க அக்கா." முகமூடிக்குள்ளிருந்து வந்த குரல் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. "ஊரே பாக்கு. போயிருங்க."

"வலி எம்புட்டு நேரமா இருக்கு?"

சமுத்திரம் கையில் கயிற்றை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நான்தான் தச்சேன். நானே அவுக்கேன்."

தோள்துணியை விலக்கினார். இடது கையை அவர் முதுகில் ஊன்றினார். மிஷின் போட்ட ஒன்பது வருஷத்தில் ஒரு ஆண் உடம்பில் அந்தக் கை பட்டது அதுதான் முதல் தடவை. ஆறு இடத்திலும் கயிற்றை வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் கான்வாஸ் ஒரு சத்தம் போட்டது. நிஜாரின் மேல்விளிம்பில் தொடை வாரையும் வெட்டினார். பெல்ட்டு வேப்பவில்லையோடு புழுதியில் விழுந்தது. சமுத்திரம் கைக்கயிறுகளை விட்டுவிட்டு முழங்காலில் உட்கார்ந்தார். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார்.

சிரிப்பு நின்றுவிட்டது. நிஜாருக்குள் புடைத்து நின்றதை, பெல்ட்டு மறைத்து வைத்திருந்ததை முன்வரிசை பார்த்தது. ஏசம்மாள் தோள்துணியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். டிச் பட்டன் இரண்டும் கழன்றன. அந்தத் துணியை அவர் இடுப்புக்கு மேலே மூடினார். முகமூடியை மட்டும் தொடவில்லை.

அந்தத் துணியிலேயே வைத்து நாலு பேர் தூக்கினார்கள். கிழக்கே இழுக்க வேண்டிய காரில்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஏசம்மாள் பின்சீட்டில் அவர் கால்களை உயர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அறுவை முடிந்துவிட்டது. குடல் கறுக்கத் தொடங்கியிருந்ததாம். அழுத்தம் விட்டதால் நிறம் திரும்பியது. அந்த இறுக்கத்தோடு இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் வெட்டி எடுக்கத்தான் வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

உயிர் பிழைத்தது. மற்றது பிழைக்கவில்லை. சமுத்திரம் மூன்று மாசம் கழித்து ஆலைக்குப் போனபோது பேல் தூக்கும் வேலை இல்லை. வாசல் காவலுக்குப் போட்டார்கள். உள்ளே போகிறவர்கள் வலது பக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நொண்டிக்காட்டிவிட்டுப் போவார்கள். ஏலே வஜ்ரவீரா, கதவைத் திறலே என்பார்கள். அந்த நொண்டலை நானும் ஒரு தடவை செய்துகாட்டியிருக்கிறேன். ஏசம்மாள் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் அதைச் செய்ததில்லை.

சமுத்திரம் எங்கள் தெரு வழியாக நடப்பதை விட்டுவிட்டார். சுற்றிக்கொண்டு போவார். எதிரே ஏசம்மாள் வந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். சீனியம்மாளும் வரவில்லை. வேறு வீட்டுக் கயிறுகளும் குறைந்துபோயின. ஊர் பார்க்க ஆம்பிளைமேல் கை வைத்தவள் என்று ஒரு பேச்சு இருந்தது. ஏசம்மாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாவாடையும் வேதக்கோயில் பாட்டுக்காரர்களுக்கு அங்கியும் தைத்துக்கொண்டிருந்தார்.

மறு வருஷம் ஆடியில் சுப்புராஜ் வந்தார். அந்தக் கிழிந்த பெல்ட்டைக் கையில் வைத்திருந்தார். ஜரிகை கறுத்திருந்தது. விளக்கையும் பாயையும் பற்றி அப்போதுதான் சொன்னார்.

"நான்தான் எந்திரிக்கச் சொன்னேன் ஏசம்மா. சாகக்கூடாதேன்னுதான் எந்திரிக்கச் சொன்னேன்."

ஏசம்மாள் ஊசியை எடுத்தார்.

"காரணத்தைச் சொல்லாம தச்சது நான், மொதலாளி. மடிப்பு விழும்னு பொய் சொன்னேன். உள்ளதைச் சொல்லியிருந்தா நீங்க படுக்க வச்சிருப்பிய."

"சொல்லியிருந்தா காரையே விட்டிருக்க மாட்டேன்மா."

"அதுக்குத்தான அவன் சொல்ல வேண்டாம்னான்."

சுப்புராஜ் பெல்ட்டை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். ஏசம்மாள் ஜரிகையைப் பிரித்தெடுத்துவிட்டு, கான்வாஸை மிஷின் மிதிக்கு அடியில் போட்டுக்கொண்டார். கால் வழுக்காமல் இருக்க நன்றாக உதவியது.

1940ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால், துணி குவிந்து கிடந்த ஒரு காலையில், சீனியம்மாள் வந்து வாசலில் நின்றாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு வருகிறாள். ஆலையில் காவல்காரர்களுக்குக் காக்கித் துணி கொடுத்திருக்கிறார்கள். சட்டையும் கால்சட்டையும் தைக்க வேண்டும் என்று துணியை நீட்டினாள். அதன்மேல் ஒரு புதுக்கயிறு இருந்தது.

ஏசம்மாள் கயிற்றை நுனியிலிருந்து விரலால் ஓட்டிப் பார்த்தார். கழுத்து. கை. இடுப்பு. அடிவயிற்றுக்கு வந்ததும் விரல் நின்றது. ஒரு முடிச்சுதான் இருந்தது.

"படுத்து அளந்தியா?" என்று கேட்டார்.

"படுத்தும் அளந்தேன், நின்னும் அளந்தேன். இருமச் சொல்லியும் அளந்தேன் அக்கா. எல்லாத்துக்கும் அந்த ஒரு முடிச்சுதான்."

"நிக்கையில கயித்தைத் தட்டிவிடலையா?"

"இல்ல. கைய ரெண்டையும் தூக்கிக்கிட்டு அசையாம நின்னாவ. 'அக்காட்ட குடுக்கணும், சரியாப் பிடி'ன்னாவ."

ஏசம்மாள் கயிற்றை ஆணியில் மாட்டவில்லை. காக்கித் துணியை விரித்து, அதன்மேல் நீளவாட்டில் வைத்தார். நாலு குண்டூசியை எடுத்து உதட்டில் கடித்துக்கொண்டு சுண்ணக்கட்டியைத் தேடினார். புதன்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். கடைவாய் வழியாக நசுங்கித்தான் வந்தது, ஆனாலும் சீனியம்மாளுக்குப் புரிந்தது.